உளுத்த பலகையும் எங்க சம்பந்தியம்மாவும்

இது படுக்கிற பாய் இல்லம்மா. போட்டுல, அதான் படகுல, கட்டுற பாய். காத்துக்கு விரிச்சுக் கட்டுவாங்கல்லா, அது. கால்ல இடிக்குதா? இரு, ஜன்னல் பக்கமா சாத்தி வச்சுக்கிடுதேன். நீ எங்க இறங்கணும்? கோவில்பட்டியா? நானும் அங்கதான். நல்லதாப் போச்சு, பேசிக்கிட்டே போகலாம்.

கிழிஞ்சு போச்சு, தைக்கக் கொண்டு போறேன். தூத்துக்குடியில தைக்க ஆள் இல்லையான்னு நீயும் கேக்கப் போற. எங்க வீட்டு சாரும், என் வீட்டுக்காரரைத்தான் சொல்லுதேன், காலைல கேட்டார். ஆள் இருக்கு. தார்ப்பாய் தைக்கிற கடை எங்க தெருமுக்குலயே இருக்கு. ஆனா கோவில்பட்டித் தையல் மாதிரி வராதுன்னு எங்க சம்பந்தியம்மா சொன்னாவ. சொன்னா கேக்கணும்லா. பொண்ணு கொடுத்த இடம்.

அவ்வோ பேரு சண்முகக்கனி. கோவில்பட்டியில மரக்கடை வச்சிருக்காவ. வீட்டுக்காரர் இறந்தப்புறம் கடையை அவ்வோதான் பாக்காவ. கடைக்கு மேல மாடியில வீடு, ஒத்தையிலதான் இருக்காவ. ஒரே மக. அந்த மகளைத்தான் என் மகன் ரூபனுக்குக் கட்டியிருக்கு. இந்துஜான்னு பேரு. தங்கமான புள்ள. ரெண்டு பேரும் மஸ்கட்டுல இருக்காங்க.

நான் கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவ. எப்சிபான்னா எங்க ஏரியாவுல யாருக்கும் தெரியும். நான் யாருகிட்டயும் மனசுல ஒண்ணு வச்சுக்கிட்டுப் பழக மாட்டேன். அது என் சுபாவம். ஆனா சம்பந்தியம்மா விஷயத்துல ரெண்டு வருஷம் பேசாம இருந்தேன். காரணம் சொன்னா நீயே நியாயம்னு சொல்லுவ.

பொண்ணு வீட்டுக்காரங்க மாப்பிள்ளை வீடு பாக்க வந்த அன்னைக்கு நடந்தது இது. வீட்டுல எல்லாம் ஒழுங்கா இருந்துச்சு. கேசரி பதமா வந்திருந்துச்சு. எங்க நாத்தனார் கூட வாயைத் தொறக்காம உக்காந்திருந்தா. எல்லாரும் முன்ரூம்ல பேசிக்கிட்டு இருக்காங்க, இவ்வோ மட்டும் எழுந்து வீட்டைச் சுத்தி வந்தாவ. பின்னால தென்னைக்கடியில கீத்துக் கொட்டகை போட்டு ரூபனோட போட்டு நிக்கும். சின்ன பைபர் போட்டு. ரெண்டு பேர் உக்காரலாம். அதைத் தேச்சுத் தொடச்சு அன்னைக்குத்தான் நிறுத்தியிருந்தோம், ஒரு அழகுக்கு. இவ்வோ போயி குனிஞ்சு அதோட பின்பக்கத்துல விரல் முட்டியால தட்டினாவ. காதை வச்சுக் கேட்டாவ. கேட்டுட்டு, எல்லாருக்கும் கேக்குற மாதிரி, "உள்ள மரம் உளுத்துப் போச்சே" அப்படின்னாவ.

நீயே சொல்லு. நல்ல காரியத்துக்கு வந்த இடத்துல வாயில வர்ற வார்த்தையா அது? என் நாத்தனார் கையில காப்பி டம்ளர் பாதியில நின்னுட்டு. பைபர் போட்டுல ஏதுங்க மரம்னு எங்க வீட்டு சார் சிரிச்சுச் சமாளிச்சார். வெளிய பைபர், உள்ள பைபர், நடுவுல பிளைவுட் வச்சுத்தான் செஞ்சிருப்பாங்கன்னு இவ்வோ பாடம் நடத்துனாவ. ரூபன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான், அவனுக்கு அது தெரியும் போல. கல்யாணம் நல்லபடியா நடந்துச்சு, அதுல ஒரு குறையும் இல்ல. ஆனா அந்த வார்த்தை என் நெஞ்சுல முள்ளு மாதிரி நின்னுட்டு. அதுக்கப்புறம் நான் அவ்வோ வீட்டுக்குப் போகல, போன் பண்ணல. இந்துஜா ஒவ்வொரு தடவை பேசும்போதும், "அத்தே, எங்க அம்மாகிட்ட ஒரு தடவை பேசுங்களேன்"ம்பா. தலைவலிக்குன்னு சொல்லி வச்சிருவேன். ஒருநாள் போன்லயே அழுதுட்டா. அன்னைக்கு நெசமாவே எனக்குத் தலை வலிச்சுச்சு.

போன வருஷம் ரூபன் சொன்னான், "எம்மா, போட்டை வித்துருங்க. சும்மா கெடந்து வீணாப் போகுது." எனக்கு மனசே இல்ல. அந்தப் போட்டுல நான் எத்தனை தடவை போயிருக்கேன் தெரியுமா. போட்டு சாயாம இருக்கக் கனத்துக்கு ஒரு ஆள் வேணும்னு என்னைத்தான் கூட்டிட்டுப் போவான். நான் பாட்டுக்கு ஒரு ஓரமா உக்காந்து அவன் எந்தக் கயித்தை இழுக்கான், எதை விடுதான்னு பாத்துக்கிட்டு இருப்பேன். சரி, மகன் சொல்லுதானேன்னு நாலு பேருகிட்ட சொல்லி வச்சேன். கன்னியாகுமரிப் பக்கம் லாட்ஜ் வச்சிருக்கிறவர் ஒருத்தர் பாக்க வந்தார். நல்லாத்தான் பாத்தார். கடைசியில பின்பக்கம் போயி, சுக்கான் மாட்டுற இடத்துல இருக்கிற ஸ்குருவைக் கையால திருகினார். கையோட வந்துட்டு. அந்த ஓட்டை வழியா கறுப்பா தண்ணி ஒழுகுச்சு. "சரி பண்ணிட்டுச் சொல்லுங்கம்மா"ன்னு போயிட்டார்.

எனக்கு வந்துச்சே ஒரு கோவம். நல்லா இருந்த போட்டு, அவ்வோ வாய் பட்டுத்தானே இப்படி ஆச்சு? ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் அன்னைக்குத்தான் போனை எடுத்தேன்.

"சம்பந்தியம்மா, எப்சிபா பேசுதேன்."

"சொல்லுங்க. புள்ளைய ரெண்டு பேரும் நல்லா இருக்காங்களா?"

"புள்ளைய நல்லா இருக்கு. போட்டுதான் நல்லா இல்ல. அன்னைக்குத் தட்டுனியள்லா, இப்ப வந்து பாருங்க."

"சுக்கான் மாட்டுற இடமா?"ன்னு கேட்டாவ.

"ஆமா."

"யாரும் அதை நோண்ட வேண்டாம். நாளைக்கு வாரேன்."

சண்டை போடத்தான் கூப்பிட்டேன். பெரிய டாக்டர் மாதிரி பேசிட்டு வச்சுட்டாவ.

மறுநாள் பால்காரர் கூட இன்னும் வரல, அதுக்குள்ள இவ்வோ வந்துட்டாவ. எல்லாரும் கோவில்பட்டியில இருந்து கடலைமிட்டாய் கொண்டு வருவாங்க. இவ்வோ உளி கொண்டு வந்தாவ. பழைய சேலையில சுத்தி நாலஞ்சு உளி, உளியை அடிக்கிற கொட்டாப்புளி ஒண்ணு, ஒரு ரம்பம். காப்பி கூடக் குடிக்காம நேரா கொட்டகைக்குப் போயி, பென்சிலை எடுத்துத் தட்டித் தட்டிக் கோடு போட்டாவ. நல்ல இடத்துல தட்டினா டக் டக்னு கேக்கும். கெட்ட இடத்துல தொப்பு தொப்புன்னு கேக்கும். எனக்கும் வித்தியாசம் கேட்டுச்சு. ஆனா சொல்லிக்கிடல.

பைபரை அறுக்கிற மெஷின் வாடகைக்கு எடுத்தோம். அந்தத் தூசி மேல பட்டா அரிப்பு உயிர் போயிரும். கையெல்லாம் தேங்காய் எண்ணெய் பூசி, எங்க வீட்டு சாரோட பழைய முழுக்கைச் சட்டையை ஆளுக்கு ஒண்ணு சேலைக்கு மேல மாட்டிக்கிட்டு, மூஞ்சிக்கு மாஸ்க் கட்டிக்கிட்டோம். பக்கத்து வீட்டுப் புள்ள எட்டிப் பாத்துட்டு, "ஆப்பரேஷனா ஆன்ட்டி"ன்னு கேட்டா. உள்பக்கத்து பைபரை ஒரு சதுரம் அறுத்து எடுத்தா, அந்தப் பிளைவுட் இருக்கே, ஊறின புளி மாதிரி. கரண்டியால வழிச்சு எடுக்கலாம். நாத்தம் வேற. ஆஸ்பத்திரியில நான் பாக்காத நாத்தமா? நானே மூக்கைப் பொத்திக்கிட்டேன்.

அந்தச் சதுரத்தோட விட்டுரலாம், அதுல மட்டும் புதுப் பலகை வச்சு மூடிரலாம்னு சொன்னேன். அவ்வோ ஒத்துக்கிடல. "நல்ல மரம் கண்ணுல படுற வரைக்கும் வெட்டணும்"னாவ. "எதுக்கு அவ்வளவு? விக்கத்தானே போறோம்"னேன். உளியைக் கீழ வச்சுட்டு என்னை ஒரு பார்வை பாத்தாவ. "புண்ணுக்குள்ள சீழ் இருக்கும்போது மேல கட்டுப் போட்டுத்தான் அனுப்புவியளா, ஆஸ்பத்திரில?"

எனக்குச் சுருக்குன்னு ஆயிட்டு. என் வேலையை வச்சு என்னையே கேட்டா? மெஷினை வாங்கி நானே அறுத்தேன். கோவத்துல அவ்வோ போட்ட கோட்டையும் தாண்டி அறுத்துட்டேன். அங்கயும் உளுத்துத்தான் இருந்துச்சு. பின்பலகை பூராவும் போயி, தரைப்பலகையில பாதியும் போச்சு. காலைல போட்டா இருந்தது சாயங்காலம் உடைஞ்ச கூடை மாதிரி கெடந்துச்சு. எங்க வீட்டு சார் வந்து பாத்தார். அப்படியே டீ போட உள்ள போயிட்டார்.

அவ்வோ கடையைப் பாக்க ஊருக்குப் போயிட்டாவ. அடுத்த வாரம் வரும்போது நல்ல பிளைவுட்டா அளவுக்கு வெட்டிக் கொண்டு வாரேன், அது வரைக்கும் காயட்டும்னு சொல்லிட்டுப் போனாவ. முன்பக்கம் தரையில உள்ளங்கை அளவுக்கு ஒரு மெத்து இடம் இருந்துச்சு. அது எதுக்கு அவ்வோ கண்ணுல படணும்? இன்னும் வேலை கூடும். கொஞ்சம் பட்டி போட்டுத் தேச்சு, மேல பெயிண்ட் அடிச்சு, புதுசு மாதிரி ஆக்கி வச்சேன். அவ்வோ வந்தாவ. கையில இருந்த பலகையைக் கூட இறக்கல. நேரா அந்த இடத்துக்குத்தான் போனாவ.

"இது யாரு?"

"என்னது யாரு?"

"இந்தப் பூச்சு வேலை."

"எங்க வீட்டு சார்தான்"னேன். அவர் அங்கதான் டீ கிளாஸோட நின்னுக்கிட்டு இருந்தார். என்னைப் பாத்தார், அவ்வோளைப் பாத்தார். "கை சும்மா இருக்க மாட்டேங்குது, அதான் பூசிட்டேன்"னார். நல்ல மனுஷன். அவ்வோ அதையும் சுரண்டி எடுத்துட்டாவ. எடுக்கும்போது சிரிச்ச மாதிரி இருந்துச்சு. மாஸ்க் போட்டிருந்ததால சரியாத் தெரியல.

இனி ரெசின் ஊத்துன கதையைக் கேளு. ரெசின்ங்கிறது தேன் மாதிரி இருக்கும். அதுல ஹார்ட்னர்னு ஒரு மருந்து கொஞ்சூண்டு விட்டுக் கலக்கினா இறுகி, கல்லு மாதிரி ஆயிரும். பலகையை ஒட்டுறதும் அதுதான், மேல பைபர் விரிப்பு போட்டுப் பூசுறதும் அதுதான். அளவு முக்கியம்னு அவ்வோ சொன்னாவ. என்கிட்ட அளவு பத்தியா? ஆயுசு பூரா ஊசி மருந்து அளந்தவ நான். ஆனா அந்த பாட்டில் மூடி இருக்கே, அது பெரிசு. எல்லா மூடியையும் ஒரே அளவா செஞ்சா என்ன? அதோட, லாட்ஜ்காரர் வேற எப்ப வரட்டும்னு கேட்டுக்கிட்டே இருந்தார். கொஞ்சம் கூட விட்டா சீக்கிரம் காயுமேன்னு இன்னொரு மூடி விட்டேன். உச்சி வெயில். திரும்பிப் பாக்கேன், ரெசின் கலக்கின பிளாஸ்டிக் மக்குல இருந்து புகை வருது. கொதிக்குது. பக்கத்துலயே பைபர் விரிப்பு, தீப்பிடிக்கிற தின்னர் டப்பா எல்லாம் இருக்கு. எனக்குக் கை கால் ஓடல. சம்பந்தியம்மா அந்த மக்கைத் தூக்கிக்கிட்டு ஓடி மணல்ல வீசினாவ. வீசுறதுக்குள்ள கையில வழிஞ்சுட்டு.

அவ்வளவுதான், அவ்வோ கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போயி குழாயைத் தொறந்து அடியில காட்டினேன். தீப்புண்ணுக்குத் தண்ணிதான் முதல் மருந்து. ரொம்ப நேரம் காட்டணும். நான் கையை விடல. அவ்வோ உதட்டைக் கடிச்சுக்கிட்டு நின்னாவ. தண்ணி ஓடிக்கிட்டே இருக்கு, ரெண்டு பேரும் ஒட்டிக்கிட்டு நிக்கோம். எவ்வளவு நேரம்தான் பேசாம நிக்க முடியும்?

அவ்வோதான் பேசினாவ. "அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது மயினி."

மயினின்னு, உறவு சொல்லி, அன்னைக்குத்தான் முதல்ல கூப்பிட்டாவ.

"மரத்தைத் தட்டினா என்ன கேக்குதோ அது வாயில வந்துரும். எங்க வீட்டுக்காரர் இருந்தா கையைப் பிடிச்சு அமுக்குவார். அன்னைக்கு அமுக்க ஆள் இல்ல. அதோட, எம்மவ இந்தப் போட்டுல ஏறிக் கடலுக்குள்ள போவாளேன்னு ஒரு பயம். தண்ணின்னாலே எனக்குப் பயம். எங்க ஊருல ஏது தண்ணி."

நான் பெருந்தன்மையா, "விடுங்க மயினி. உங்க வாய் பட்டுத்தான் உளுத்துச்சுன்னு நான் யாருகிட்டயும் சொல்லல"ன்னேன். நெசந்தான். ஒரு நாலஞ்சு பேருகிட்டதான் சொல்லியிருந்தேன். அதைக் கேட்டுட்டு அவ்வோ சிரிச்சாவ பாரு, தண்ணியெல்லாம் என் மேல தெறிச்சுச்சு. வலிக்கிற கையை வச்சுக்கிட்டு எதுக்கு அப்படிச் சிரிச்சாவன்னு எனக்கு இன்னும் புரியல.

அந்தக் கையோட பஸ்ஸுல அனுப்ப முடியுமா? வீட்டுலயே வச்சுக்கிட்டேன். மருந்து போட்டுக் கட்டி, சோத்தைப் பிசைஞ்சு கரண்டியோட கொடுத்தேன். கடமைக்குத்தான். அன்னைக்கு இந்துஜா போன் பண்ணும்போது போனை எடுத்தது அவ்வோ. "அம்மாவா? அத்தைக்குத்தானே போட்டேன்"னு அந்தப் புள்ள கேட்டுச்சு. அப்புறம் ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. சிக்னல் போயிட்டோன்னு பாத்தேன். சிக்னல் எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு.

மிச்ச வேலை பூரா நான்தான் செஞ்சேன். அவ்வோ நாற்காலியில உக்காந்துக்கிட்டு இடது கையால ரெசின் அளந்து கொடுப்பாவ. புதுப் பலகையை ஒட்டி, இறுக்கிப் பிடிச்சு, மேல விரிப்பு போட்டு, ரோலரால காத்துக் குமிழ் இல்லாம உருட்டி. ஸ்குரு போற ஓட்டையில கூட முதல்ல ரெசின் ஊத்தி அடைச்சு, அது காஞ்சப்புறம் அதுக்குள்ள சின்னதா ஓட்டை போட்டு மாட்டணுமாம். அப்பத்தான் தண்ணி மரத்துக்குப் போகாது. முன்னால அப்படிச் செய்யாமத்தான் கெட்டுச்சுன்னு அவ்வோ சொல்லுதாவ. நான் வாதாடல. ஆனா என் எண்ணம் வேற.

முதல் தடவை தண்ணியில இறக்கின அன்னைக்கு, அவ்வோ கரையில நின்னுக்கிட்டு, "மரம் என் வேலை, தண்ணி உங்க வேலை"ன்னாவ. "நீங்க வெட்டிக் கொடுத்த பலகைதானே, உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?"ன்னு கேட்டேன். அவ்வளவுதான், லைஃப் ஜாக்கெட்டை வாங்கி மாட்டிக்கிட்டு ஏறிட்டாவ. அவ்வோ ஒல்லி, நான் இப்படி. போட்டு என் பக்கமே சாயுது. எங்க வீட்டு சார் கரையில ஒரு கையில கயிறும் ஒரு கையில செல்போனும் வச்சுக்கிட்டு நின்னார். பாயை ஏத்தி, ரூபன் இழுக்கிற கயித்தை நானும் இழுத்தேன். காத்து பிடிச்சுச்சு. முயல் தீவுப் பக்கமாப் போச்சு. இவ்வோ முதல்ல கண்ணை மூடிக்கிட்டுப் போட்டோட விளிம்பைப் பிடிச்சிருந்தாவ. கொஞ்ச நேரத்துல ஒரு கையை எடுத்துத் தண்ணியில விட்டாவ. அந்தச் சுட்ட கையை. அப்புறம் திரும்பி, பின்பலகையைப் பாத்துக்கிட்டே வந்தாவ. சுக்கான் அசையல. ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வரல. "அவர் பாத்திருக்கணும்"னாவ.

லாட்ஜ்காரர் வந்தார். போட்டைப் பாத்து அவருக்கு ரொம்ப சந்தோஷம். இன்னைக்கே வண்டியில ஏத்திரலாம்னார். ஸ்குருவைத் திருகிப் பாத்தார், அசையல. அப்ப நம்ம சம்பந்தியம்மா மெதுவா வந்து, பின்பக்கம் தட்டி, காதை வச்சுக் கேட்டு, "இன்னும் உள்ள கொஞ்சம் மெத்துன்னு இருக்கு. அடுத்த மழைக்குத்தான் தெரியும்"னாவ. மனுஷன் போயே போயிட்டார்.

பாத்தியா அந்த வாயை? அத்தனை பாடு பட்டுச் செஞ்சுட்டு அவ்வோளே அப்படிச் சொன்னா? நான் அதே இடத்துல தட்டிப் பாத்தேன், பாறை மாதிரி டக் டக்னுதான் கேட்டுச்சு. எங்க வீட்டு சார் வேற எதுக்கோ முகத்தைத் திருப்பிக்கிட்டுச் சிரிக்கார். ஆனா அவ்வோ மரம் அறிஞ்சவுக, தப்பாச் சொல்லுவாவளா? "எதுக்கும் சனிக்கிழமை சனிக்கிழமை வந்து தட்டிப் பாத்துட்டுப் போறேன் மயினி. போட்டை ஓட்டாமப் போட்டு வைக்கக் கூடாது, கெட்டுரும்"னாவ. அன்னையில இருந்து சனிக்கிழமை தவறாம வாராவ. தட்டிப் பாத்துட்டு, போட்டு கெட்டுரக் கூடாதேன்னு ஒரு சுத்து போயிட்டு வருவோம். என்ன செய்ய? சம்பந்தின்னு ஆயிப்போச்சு, வராதீங்கன்னு சொல்ல முடியுமா? போன சனிக்கிழமை மட்டும் முட்டிவலின்னு வரல. அன்னைக்குக் காத்து நல்லா இருந்துச்சு, போட்டு சும்மாதான் கெடந்துச்சு. எனக்குச் சாப்பாடே இறங்கல. பாயைத் தைக்கக் கொடுக்கிற சாக்குல அந்த முட்டியையும் ஒரு பார்வை பாத்துட்டு வரலாம்னுதான். நர்ஸா இருந்தவளுக்கு மனசு கேக்குமா?

எட்டயபுரம் தாண்டிட்டா? இந்தா வந்துரும். இன்னும் ஒண்ணு மட்டும் சொல்லிருதேன்.

கிறிஸ்துமஸுக்கு ரூபனும் இந்துஜாவும் வந்திருந்தாங்க. போட்டைச் சரி பண்ணியாச்சுன்னு கேட்டதுல இருந்து அவனுக்கு ஒரே ஆசை, பொண்டாட்டியைக் கூட்டிட்டுப் போகணும்னு. அன்னைக்குச் சனிக்கிழமை. புள்ளைய ரெண்டும் தூங்கட்டும்னு நாங்க எழுப்பல, வழக்கம் போலக் கிளம்பிட்டோம். இப்பல்லாம் சுக்கான் அவ்வோ கையில, பாய்க் கயிறு என் கையில. நல்லா உள்ள போயிட்டுத் திரும்பி வாரோம், கரையில ரூபன் நிக்கான். பக்கத்துல இந்துஜா, கையில டவலும் டிபன் கேரியருமா. அவன் ரெண்டு கையையும் வாயில வச்சுக்கிட்டுக் கத்துதான்.

"மாப்பிள்ளை என்ன சொல்லுதாவ மயினி?"

எம்மா, சீக்கிரம் வந்து இறங்குங்க, நாங்க போகணும்னு சொன்னான். எனக்குத் தெளிவாக் கேட்டுச்சு. ஆனா அப்படி ஒரு காத்து, கண்ணு, அந்த மாசத்துலயே அடிக்கல.

"நீங்க நல்லா ஓட்டுதியன்னு சொல்லுதான்"னேன்.

பாவம், அவ்வோ நம்பிட்டாவ. ஒரு கையைத் தூக்கி மாப்பிள்ளைக்கு ஆட்டிட்டு, இன்னொரு கையால சுக்கானை மறுபடியும் தீவுப் பக்கமாத் திருப்பினாவ.